மறுகரைக்கு ஓனர்

தம்பி, மடியில வச்சிருக்கது லேப்டாப்தானே? நெனச்சேன். ஏறும்போதே அந்தப் பையைப் பாத்தேன். அதான் பின்னால அம்புட்டு எடம் கெடந்தும் இங்கன வந்து உக்காந்தேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒரு மெஷின்ல இருந்ததை முழுசா அழிச்சாச்சு, மெஷினையும் கழத்திப் போட்டாச்சுன்னு வைங்க. அழிச்சது எங்கயாச்சும் மிச்சம் இருக்குமா? ஏதாச்சும் ஒரு மூலையில?

இருக்காது. ம். எனக்கும் தெரியும். நானே கோவில்பட்டியில கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைதான் வச்சிருக்கேன். அய்யாத்துரை கடைன்னா மார்க்கெட் பக்கம் எல்லாருக்கும் தெரியும். எத்தனை பேருக்கு என் வாயாலயே சொல்லியிருக்கேன், "போனது போனதுதான் சார், மனசைத் தேத்திக்கிடுங்க"ன்னு. தெரிஞ்சும் கேக்கேன் பாருங்க. இன்னைக்கு தூத்துக்குடியில டீக்கடைக்காரன் காது குடுத்திருந்தா அவன்ட்டயும் கேட்டிருப்பேன். அந்த நெலமையில இருக்கேன்.

எறங்குறது எட்டயபுரமா? அப்ப நேரம் இருக்கு. சொல்லுதேன். சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்கு.

கட்டை கட்டையா அடுக்கி வீடு கட்டுற கேம் இருக்குல்லா, சின்னப் புள்ளைக எல்லாம் ஆடுமே, அதுதான். அதுல தனியாவும் ஆடலாம், நாலு பேரு சேந்தும் ஆடலாம். சேந்து ஆடணும்னா ஒரு சர்வர் வேணும். வெளிநாட்டுல ஒரு மெஷினை வாடகைக்குப் பிடிச்சு அதுல ஒரு உலகத்தை ஓட விடணும். யாரு எந்த ஊர்ல இருந்தாலும் அதுக்குள்ள வரலாம், நடக்கலாம், கட்டலாம். நாம தூங்கினாலும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்.

கொரோனா நேரத்துல கடை பூட்டிக் கெடந்துச்சு. எனக்குப் பொண்டாட்டி புள்ளை கெடையாது. மாடியில தம்பி குடும்பம் இருக்கு, அவங்ககூடப் பேச்சுவார்த்தை இல்ல. என்ன செய்ய? சும்மா உக்காந்தவன் ஒரு சர்வரைப் பிடிச்சேன். மறுகரைன்னு பேரு வச்சேன். பேரு நான் வச்சது, அதைக் குறிச்சுக்கிடுங்க.

மொதல்ல வெறும் மணலும் கடலும்தான். ஒரு மாசம் ஒருத்தரும் வரல. அப்பறம் ஒருத்தன் வந்தான். அப்பறம் ஒருத்தி. சொன்னா நம்ப மாட்டீங்க தம்பி, ஒரு வருசத்துல ஊரே எந்திரிச்சு நின்னுச்சு. துறைமுகம், கலங்கரை விளக்கம், உப்பு மூட்டை அடுக்குற கிட்டங்கி, தபாலாபீஸ், ஒரு சர்ச்சு, ஒரு சினிமாக் கொட்டகை. சந்துக்குள்ள சந்து. புதுசா வந்தவன் வழி தெரியாம முழிப்பான்.

துறைமுகத்தைக் கட்டினது குகன்னு ஒருத்தரு. சிலோன்காரரு, நார்வேயில இருக்காரு. அங்க பனி கொட்டுமாம், வெளிய போக முடியாதாம், உக்காந்து கட்டிக்கிட்டே இருப்பாரு. ஒவ்வொரு படிக்கட்டுக்கும் பாசி வச்சாரு மனுசன். கடல் தண்ணி தொடுற படிக்கு மட்டும்.

ஆனா ஊருக்கு உசுரு குடுத்தது... இல்ல, உசுருன்னு சொல்லக்கூடாது. பேச்சு குடுத்தது ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. தூத்துக்குடிக்காரி. துறைமுகத்துல சரக்கு ஏத்தி இறக்குற கம்பெனி ஒண்ணுல ஆபீஸ் வேலை. அவ என்ன பண்ணுனா, ஊருக்குள்ள ஆள்களை வச்சா. நிசமான ஆள் இல்ல, பொம்மை ஆளுக. பக்கத்துல போய்த் தட்டுனா பேசும். மத்த சர்வர்லயும் அது உண்டு, "வணக்கம், என்ன வேண்டும்"னு செத்த பேச்சா இருக்கும். இவ எழுதுனது அப்படி இல்ல. தோணிக்காரரு ஒருத்தரு. மழை பெஞ்சா ஒரு பேச்சு, வெயில் அடிச்சா ஒரு பேச்சு. நீங்க ரொம்ப நாள் வராம இருந்து போனீங்கன்னா, "யாரு, நீயா? மொகமே மறந்து போச்சு, கிட்ட வா"ம்பாரு. கொட்டகையில டிக்கெட் கிழிக்கிற அம்மா, "எங்க வீட்டுக்காரரைப் பாத்தீயளா"ன்னு வாரவன் போறவன்ட்ட எல்லாம் கேக்கும். அந்த வீட்டுக்காரரு ஊருக்கு அந்தாண்ட கள்ளுக்கடைப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, "அவகிட்டச் சொல்லிராதீங்க"ம்பாரு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். எம்புட்டுப் பேரு! ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை. வேலை முடிஞ்சு வந்து, சோறு தின்னுட்டு, உக்காந்து எழுதுவா. சம்பளமா குடுத்தேன்? ஆசைக்குச் செஞ்சா. எல்லாரும் ஆசைக்குத்தான் செஞ்சாங்க. நான் யாரையும் வான்னு கையைப் பிடிச்சு இழுக்கல.

நான் உள்ள போனா எல்லாரும் வேலையை நிப்பாட்டிட்டு, "வாங்க ஓனர் அண்ணாச்சி"ன்னு எழுதுவாங்க. வரிசையா வந்து விழும். வாங்க ஓனர் அண்ணாச்சி, வாங்க ஓனர் அண்ணாச்சி. கடையில ஒருத்தன் என்னை நிமிந்து பாக்க மாட்டான். மௌஸைக் குடுத்துட்டு போனைப் பாத்துக்கிட்டு நிப்பான். அங்க நான் தெருவுல நடந்து போனா வழி விடுவாங்க தம்பி.

அப்படி இருந்துச்சு. அதைக் கெடுத்தது ஒரு வீடியோ.

யூடியூப்ல சேனல் வச்சிருக்க பையன் ஒருத்தன் மறுகரையைச் சுத்திப் பாக்கணும்னு வந்தான். கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன். வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தான். "அண்ணே, இதையெல்லாம் யாரு பண்ணுனது?"ன்னான். "நான்தான்"ன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க? வீடியோ ஓடிக்கிட்டிருக்கு, அதுல நின்னு ஒவ்வொருத்தன் பேராச் சொல்ல முடியுமா? பெரிய கோயிலைக் கட்டுனது யாருன்னா ராசா பேரைத்தானே சொல்லுதோம். கல்லு தூக்குனவன் பேரையா சொல்லுதோம்? அந்த அர்த்தத்துலதான் சொன்னேன். அந்த வீடியோவை ஊரு உலகமே பாத்துச்சு. நெறைய புது ஆளுக வந்தாங்க. எல்லாருக்கும் நல்லதுதானே நடந்துச்சு?

மறுநா ஜெசிந்தா போன் பண்ணுனா. அதுவரைக்கும் போன்ல பேசுனதே கெடையாது, எழுத்துலதான். மெதுவான குரலு. "அண்ணாச்சி, வீடியோ பாத்தேன். வாசல்ல ஒரு போர்டு வச்சு, யாரு யாரு எதைச் செஞ்சாங்கன்னு பேரு போட்டுருவோமா?"ன்னா.

"போட்டா யாரை விடுறது, யாரைப் போடுறது? சண்டை வரும்மா"ன்னேன்.

"நான் எழுதித் தாரேன், ஒருத்தரையும் விடாம."

"பாப்போம்"னேன்.

பாப்போம்னுதான் சொன்னேன், மாட்டேன்னு சொல்லல. ரெண்டு மூணு தடவை கேட்டா. நானும் பாப்போம், பாப்போம்னேன். அப்பறம் ஒரு நா அவ, "அண்ணாச்சி, நான் எழுதுன பேச்சையாவது நான் வேற எடத்துல வச்சுக்கிடலாமா? தோணிக்காரரை வச்சு ஒரு கதை பண்ணலாம்னு இருக்கேன்"ன்னா.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. தோணிக்காரரு மறுகரை ஆளு. அவரை எப்படி வெளிய விட? இன்னைக்கு தோணிக்காரரு, நாளைக்கு டிக்கெட் அம்மா, அப்பறம் குகன் துறைமுகத்தைத் தூக்கிட்டுப் போவாரு. எனக்கு என்ன மிஞ்சும், மணலா? உள்ள நுழையும்போது சட்டதிட்டம் எல்லாம் போட்டிருக்கும், கடைசியில "சம்மதம்"னு ஒரு பட்டன் இருக்கும். அதுல தெளிவா இருக்கு, இங்க வைக்கிற எல்லாம் சர்வர் ஓனருக்குச் சொந்தம்னு. வேற ஒரு சர்வர்ல இருந்து அப்படியே எடுத்துப் போட்டது, ஆனா இருக்குல்லா? "படிச்சுட்டுத்தானம்மா சம்மதம்னு அமுக்குன?"ன்னு கேட்டேன்.

அதைக் கேட்டுட்டு குகன்தான் சண்டைக்கு வந்தாரு. எழுதுனாரு, எனக்கு இன்னும் அட்சரம் பிசகாம ஞாபகம் இருக்கு. "அண்ணை, ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து நான் கட்டினது. உள்ளுக்கு வரேக்க ஒரு பட்டனை அமத்தினதுக்காக அது உங்கட ஆகீடுமோ? அதை ஆர் அண்ணை வாசிச்சவை?"

அவரைத் தடை பண்ணிட்டேன். அதுக்கப்புறம் அவரால உள்ள வர முடியாது. எல்லார் முன்னாலயும் ஓனரை அப்படிக் கேக்கலாமா? ஒரு மட்டு மருவாதை வேண்டாமா?

அங்கதான் அவ துரோகம் பண்ணுனா. மறுகரைக்குக் காப்பி எடுத்து வைக்கிற வேலை எல்லாம் ஜெசிந்தா பொறுப்பு. மெஷின் ஏதும் கோளாறு ஆனா திரும்பப் போடணும்லா, அதுக்காக. நான் நம்பிக் குடுத்த சாவி. அந்தக் காப்பியை வச்சு அவளும் குகனும் தனியா ஒரு சர்வர் ஆரம்பிச்சிட்டாங்க. அச்சு அசலா அதே ஊரு. அதே தோணிக்காரரு. பத்திருபது பேரு அங்க போயிட்டாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வீட்டுக்குள்ள இருக்கும்போதே வீட்டைக் களவாண்டுட்டுப் போன மாதிரி.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஆமா. வேற எங்க போக?

எஸ்.ஐ.க்கு வெளங்க வைக்கிறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிருச்சு. "ஊரைத் திருடிட்டாங்கன்னா என்னய்யா? எந்த ஊரை?"ன்னாரு. "கம்ப்யூட்டர்ல இருக்க ஊரு சார்." "அது இன்னும் அங்கயே இருக்குல்ல?" "இருக்கு சார், ஆனா அவங்ககிட்டயும் இருக்கு." "ரெண்டு பேருகிட்டயும் இருந்தா என்னய்யா திருட்டு?"ன்னு தலையைச் சொறிஞ்சாரு. ஆனாலும் நான் விடல. அவருக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லாம் நான்தான் பாப்பேன், அந்தப் பழக்கத்துக்கு அவளைக் கூப்பிட்டு விட்டாரு.

அவ அம்மாவையும் கூட்டிட்டு வந்தா. அன்னைக்குத்தான் மொதத் தடவை நேர்ல பாத்தேன். முப்பது வயசு இருக்கும். கண்ணாடி போட்டிருந்தா. என்னைப் பாத்து, "அண்ணாச்சி"ன்னு கையெடுத்துக் கும்புட்டா. அந்த எடத்துலயும் கும்புட்டா, அதைச் சொல்லணும்.

"நான் எழுதுனதைத்தான் சார் எடுத்தேன். மத்தவங்களும் அவங்கவங்க செஞ்சதைத்தான் கேட்டாங்க"ன்னா எஸ்.ஐ.ட்ட. அவரு, "கேஸுன்னு போட்டா கோர்ட்டு வாய்தான்னு அலையணும்மா. வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்னு சொல்லுதீங்க. பாஸ்போர்ட்டுக்கு விசாரணை வரும்போது இது நிக்கும்"ன்னாரு. அம்புட்டுத்தான், அவ அம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க. "வேண்டாம்மா, குடுத்துரு, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்"னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டு. எனக்கே பாவமா இருந்துச்சு. வெளிய போய் டீ வாங்கிட்டு வந்து குடுத்தேன் அந்த அம்மாவுக்கு. நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரன் இல்ல.

அங்கயே, பெஞ்சுல லேப்டாப்பை வச்சு அழிச்சா. அந்த சர்வரையும் மூடுனா. இனிமே எங்கயும் காப்பி வச்சுக்கிட மாட்டேன்னு எழுதியும் குடுத்தா. வீட்டுல ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்துச்சு, அதையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், அதையும். சும்மா அழிச்சா திரும்ப எடுத்துரலாம்லா? அதனால எடுக்க முடியாதபடிக்கு எப்படி அழிக்கிறதுன்னு நான்தான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தேன். தொழில் தெரியும்லா எனக்கு. அது முடிய ரொம்ப நேரம் ஆச்சு. எம்புட்டு அழிஞ்சுருக்குன்னு திரையில காமிக்கிற பட்டை மெதுவா ஊந்து ஊந்து போச்சு. அம்மாவும் மகளும் அதையே பாத்துக்கிட்டிருந்தாங்க. முடிஞ்சதும் மூடி வச்சிட்டு எந்திரிச்சா. "எல்லாருக்கும் ஒரு நல்ல எடம் குடுத்தீங்க அண்ணாச்சி, நன்றி"ன்னா. அது மனசாரச் சொன்னதா, குத்திச் சொன்னதா, இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

அப்பறம் ஒருத்தர் ஒருத்தரா நின்னுட்டாங்க. யாரும் சண்டை போடல, கோவிச்சுக்கிடல. வரல, அம்புட்டுத்தான். ஒரு கட்டத்துல உள்ள போனா நான் ஒரு ஆளுதான் இருப்பேன். ஆனா ஊரு இருந்துச்சு தம்பி. அது பொய் சொல்லாது. மத்தியானம் கடையில கூட்டம் இருக்காது, ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள போயிருவேன். தபாலாபீஸுக்குப் போவேன். சர்ச்சு வாசல்ல உக்காருவேன். டிக்கெட் அம்மா, "எங்க வீட்டுக்காரரைப் பாத்தீயளா"ன்னு கேக்கும். நானும் ஒரு நா மனசு கேக்காம, "கள்ளுக்கடைப் பின்னால இருக்காரும்மா"ன்னு அடிச்சேன். அது பொம்மை, பதில் சொல்லாதுன்னு தெரியும். தெரிஞ்சும் அடிச்சேன். தோணிக்காரருகிட்ட தெனமும் போவேன். தெனமும் போறதால, "இன்னைக்கும் வந்துட்டியா? வா வா, உன்னை விட்டா எனக்கு யாரு"ம்பாரு. அந்தப் பேச்சையும் அவதான் எழுதியிருக்கணும். என்னை மாதிரி ஒருத்தன் தெனமும் வருவான்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு தெரியல.

இருங்க, தண்ணி குடிச்சிக்கிடுதேன்.

போன மாசம், ஒரு மத்தியானம் உள்ள போறேன், கதவு தெறக்கல. இணைக்க முடியலைங்கு. நெட்டு போச்சுன்னு நெனச்சேன். நெட்டு இருக்கு. ஒயரைக் கழத்தி மாட்டுனேன். வேற கம்ப்யூட்டர்ல பாத்தேன். பக்கத்துக் கடையில போய் அவங்க போன்ல பாத்தேன். இல்ல. மறுகரை இல்ல.

மெஷினை வாடகைக்கு விட்ட அந்த வெளிநாட்டுக் கம்பெனியை வேற எவனோ வாங்கியிருக்கான். பழைய மெஷினை எல்லாம் எடுத்துட்டான். முன்கூட்டியே தபால் அனுப்புனோம்ங்கான். இங்கிலீசுல, நான் எட்டிப் பாக்காத ஒரு ஈமெயிலுக்கு. அந்த விலாசத்தை எல்லாம் ஜெசிந்தாதான் பாத்துக்கிட்டிருந்தா. அவ போனப்பறம் காப்பியும் ஒருத்தரும் எடுத்து வைக்கல. நான் எழுதிக் கேட்டேன். அய்யா, என் ஊரு அதுல இருக்கு, எங்கயாச்சும் எடுத்து வச்சிருப்பீங்கள்லா, எவ்வளவு செலவானாலும் தாரேன்னு கெஞ்சி எழுதினேன். ஒரு பதில் வந்துச்சு. ரெண்டு வரி. மெஷின் எங்களது, அதுல இருக்கதுக்கு நாங்க பொறுப்பு இல்ல, சேரும்போது நீங்க இதுக்கு சம்மதிச்சிருக்கீங்கன்னு.

இது நியாயமா தம்பி? நீங்க படிச்ச ஆளு, சொல்லுங்க. சேரும்போது ஏதோ ஒரு பட்டனை அமுக்குனேன். அதை யாரு படிக்கா? பட்டனை அமுக்குனதுக்காக என்னோடதெல்லாம் அவனோடதாயிருமா? எத்தனை வருசம்! மெஷின் அவனோடது, சரி, ஒத்துக்கிடுதேன், மெஷினுக்குள்ள இருந்த ஊரு அவனோடதா? மனுச ஈரமே இல்லாம எப்படி இப்படிப் பேசுதாங்க?

இல்ல, நான் சத்தம் போடல. சரி. மெதுவாப் பேசுதேன்.

சோறு எறங்கல. கடையைத் தெறக்கல. படுத்தா தோணிக்காரரு குரல் கேக்கு. அதுக்குக் குரலே கெடையாது, எழுத்துத்தான், ஆனா எனக்குக் கேக்கு. அப்பத்தான் ஒரு நெனப்பு வந்துச்சு. ஜெசிந்தாகிட்ட ஒரு காப்பி இருக்கும். எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிருப்பா. அம்புட்டு ஆசையா எழுதுனவ, ஒரு பென்டிரைவ்லயாவது வைக்காமலா இருப்பா? அந்த நெனப்பு வந்ததும் உசுரு வந்துருச்சு. வெளிநாட்டு வேலை இன்னும் அமையல, ஊர்லதான் இருக்கான்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இன்னைக்கு மத்தியானத்துக்கு மேல கெளம்பிப் போனேன்.

அவ அம்மாதான் கதவைத் தெறந்தாங்க. என்னைப் பாத்ததும் மொகம் செத்துப் போச்சு. கதவைப் பிடிச்ச கையை எடுக்கல. "இன்னும் என்னய்யா?"ன்னாங்க. நான், "ஒண்ணுமில்லம்மா, ஜெசிந்தாவைப் பாக்கணும்"னேன். உள்ள இருந்து அவ வந்தா. "வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க"ன்னா. நாற்காலி எடுத்துப் போட்டா.

சொன்னேன். மறுகரை போயிருச்சும்மான்னு சொன்னேன். அவ கண்ணாடியைக் கழத்திட்டு உக்காந்துட்டா. அப்பறம், "தோணிக்காரருமா?"ன்னா.

"எல்லாமும்தான். ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு இருக்கும்லா?"

"என்ன அண்ணாச்சி?"

"காப்பிம்மா. சும்மா சொல்லு, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். சத்தியமா போலீஸ் கீலீஸுன்னு போக மாட்டேன். ஒளிச்சு வச்சிருந்தா நல்லதுதான். நான் சந்தோசப்படுவேன்."

"இல்லையே அண்ணாச்சி. நீங்கதானே பக்கத்துல நின்னு அழிக்கச் சொன்னீங்க."

"அது இல்லம்மா. வேற எங்கயாச்சும். குகன்கிட்ட?"

"அவருகிட்ட இருந்ததையும் அழிக்கச் சொல்லி நான்தான் சொன்னேன். எழுதிக் குடுத்துட்டு மறைச்சு வைக்கிறது தப்புல்லா."

தம்பி, நான் அழுதுட்டேன். ஐம்பது வயசு ஆம்பள, ஒரு பொம்பளப் புள்ளை வீட்டுல உக்காந்து ஏங்கி ஏங்கி அழுதேன். "தேடிப் பாரும்மா, ஒரு தடவை தேடிப் பாரு, அலமாரியில, பழைய போன்ல"ன்னு சொல்லிச் சொல்லி அழுதேன். அவ அம்மா போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க.

எனக்கு என்ன ஆத்திரம்னா, ஒரு காப்பி வச்சிருக்கலாம்லா? யாரு வந்து பாக்கப் போறா? போலீஸ்காரன் சொன்னானாம், இவ அழிச்சாளாம். சொன்னபடி செய்யுறதுக்கும் ஒரு அளவு இல்லையா? நெசமான பாசம் இருந்தா மறைச்சு வச்சிருப்பா. நானா இருந்தா வச்சிருப்பேன். சத்தியமா வச்சிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவ எந்திரிச்சுப் போய் லேப்டாப்பைக் கொண்டாந்து என் முன்னால வச்சா. "அண்ணாச்சி, இதைப் பாருங்க"ன்னா.

மணலு, கடலு. நடுவுல ஒரு படித்துறை, பாதி. தண்ணி தொடுற படியில பாசி வச்சிருந்துச்சு. "குகண்ணன் ஆரம்பிச்சிருக்காரு"ன்னா. "போன தை மாசத்துல இருந்து. ஞாபகத்துல இருக்கதை வச்சுத் திரும்பக் கட்டுதோம். பழசு மாதிரியே வராது. வந்த வரைக்கும்." படித்துறை ஓரத்துல தோணிக்காரரு நின்னாரு. தோணி இன்னும் செய்யலை போல, சும்மா நின்னாரு. அவரு தலைக்கு மேல சின்னதா எழுதியிருந்துச்சு, பேச்சு ஜெசிந்தான்னு. படிக்கு மேல குகன் பேரு. ஒரு செவரு நின்னுச்சு, அதுக்குக்கூட எவனோ ஒருத்தன் பேரு.

"யாரு இதுக்கு ஓனரு?"ன்னு கேட்டேன்.

"அப்படி ஒருத்தரும் இல்ல அண்ணாச்சி. அவங்கவங்க செஞ்சது அவங்கவங்களுக்கு. போகணும்னா எடுத்துட்டுப் போலாம். எல்லார்கிட்டயும் ஒரு காப்பி இருக்கும்."

"மெஷினு?"

"மாத்தி மாத்திப் பாத்துக்கிடுதோம்."

அது எப்படிம்மா நடக்கும்னேன். ஒரு தலை இல்லாம எப்படி நடக்கும்? அவ திரையைக் காமிச்சா. "உள்ள வாங்க அண்ணாச்சி. எங்க எல்லாரையும்விட உங்களுக்குத்தான் ஊரு நல்லாத் தெரியும். எந்தச் சந்து எங்க திரும்புச்சு, தபாலாபீஸுக்கு எத்தனை ஜன்னலு, யாருக்கும் நெனவில்ல. நீங்க தெனமும் நடந்திருக்கீங்க. சொல்லுங்க. இல்ல, நீங்களே கட்டுங்க"ன்னா. கட்டுங்கன்னு சொல்லி, லேப்டாப்பை இன்னும் என் பக்கம் தள்ளி வச்சிட்டா.

நான் உக்காந்தேன். நடந்தேன். மணல்ல கொஞ்ச தூரம் நடந்தேன். இந்த எடத்துலதான் தபாலாபீஸ் இருந்துச்சு, எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஒரு கட்டையை எடுத்து வைக்கணும். அம்புட்டுத்தான். எடுக்கத் தெரியலை தம்பி. எந்த பட்டனை அமுக்கணும்னு தெரியலை. அஞ்சாறு வருசம் ஓனரா இருந்தேன், நான் ஒரு கட்டை எடுத்து வச்சதில்ல. எனக்கு என்ன தேவை, எல்லாம் அவங்க செஞ்சாங்க. இதை அமுக்குறேன், குதிக்கேன். அதை அமுக்குறேன், உக்காந்துக்கிடுதேன். மணல்ல நின்னு குதிச்சுக்கிட்டே இருந்தேன். பக்கத்துல ஜெசிந்தா பாத்துக்கிட்டு நிக்கா. அவ சிரிக்கலை. சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை.

அந்நேரம் தூரத்துல இருந்து ஒரு ஆளு ஓடியாந்தான். யாருன்னு தெரியாது, பழைய ஆளு இல்ல. பேரைப் பாத்தா மலேசியாப் பக்கம் மாதிரி இருந்துச்சு. என் முன்னால வந்து நின்னான். கீழ எழுத்து வந்து விழுந்துச்சு.

"புதுசா? வாங்க, கட்டச் சொல்லித் தாரேன்."

நான் திரும்பி ஜெசிந்தாவைப் பாத்தேன். சொல்லும்மா, நான் யாருன்னு சொல்லுன்னு பாத்தேன். அவ குனிஞ்சு, ரொம்ப மெதுவா, "ஆமான்னு போடுங்க அண்ணாச்சி"ன்னா.

ரெண்டே எழுத்து. விரலைக் கீபோர்டுல வச்சேன். வச்சது வச்சபடியே இருந்துச்சு. நான் புதுசா? நீங்க சொல்லுங்க தம்பி, அந்த ஊருக்கு நான் புதுசா? பேரு வச்சதே நான். எம்புட்டு நேரம் அப்படி உக்காந்திருந்தேனோ, அவ அம்மா அடுப்படியில டீ ஆத்துற சத்தம் கேட்டுச்சு. நான் எந்திரிச்சுட்டேன். வாரேம்மான்னுகூடச் சொல்லல, செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.

பொழுது அடைஞ்சிருச்சு. தெருமுக்குல நின்னு திரும்பிப் பாத்தேன். ஜன்னல் வழியா லேப்டாப் வெளிச்சம் தெரிஞ்சுச்சு. அந்த ஆளு இன்னும் அங்கனதான் நின்னுருப்பான், பதில் வரும்னு.